சாயம் ஊற்றியவர் பாட்டிலைத் தொடக் கூடாது

மேஸ்திரி ஓங்கிய இரும்புக் கம்பி முதலில் விழுந்தது டிரைவரின் வலது கை விரல்கள் மேல்தான்.

டிரைவர் அப்போது சாயப்பட்டறையின் கழிவுக் குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நிலத்தடி நீர் அலுவலகத்து ஜீப்பை ஓட்டுகிறவர் அவர். அன்றைக்கு அவருக்குக் கொடுத்திருந்த கூடுதல் வேலை, அந்த டப்பாவைக் குழியில் கவிழ்ப்பது. கவிழ்க்க உத்தரவு இருந்தது. உத்தரவுத் தாளை நீட்டிக்கொண்டு நின்ற அதிகாரியின் கன்னத்தில் ஏற்கெனவே ஓர் அறை விழுந்து, அவருடைய மூக்குக் கண்ணாடி குழிக்குள் போயிருந்தது.

"தாளைக் காட்டுறியா தாளை? அதை மடிச்சு வாயில போட்டு முழுங்கு," என்றான் மேஸ்திரி. பட்டறையின் ஏழு தொட்டிகளையும் கட்டி மேய்க்கிறவன் அவன். கழுத்தும் தலையும் ஒரே அகலம். முதலாளி ஊரில் இல்லாத நாளில் அவன்தான் முதலாளி. முதலாளி இருக்கிற நாளிலும் அடிப்பது அவன்தான்.

சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. இரண்டு விரல்கள். டிரைவர் அலறினார். டப்பா சரிந்தது. செங்கல் தூள் போல ஒரு பொடி டிரைவரின் கையிலும் சட்டையிலும் புழுதியாகப் படிந்தது. மீதிப் பொடி குழிக்குள் கொட்டி, பட்ட இடத்திலெல்லாம் கிளிப்பச்சையாகத் திரண்டு விரிந்தது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதில் டிரைவர் மல்லாந்து விழுந்தார். உதட்டில் ரத்தம் வழிய, அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்: "ஊத்தியாச்சு ஐயா. நேரத்தைக் குறிச்சுக்குங்க."

அதிகாரியும் குறித்துக்கொண்டார். அவர் அப்படிப்பட்ட மனிதர். ஊரில் எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டாலும், தன் சாப்பாட்டுத் தட்டில் எவ்வளவு சோறு என்று கேட்டாலும் அளந்துதான் சொல்லுவார். அலுவலகத்தில் அவருக்குச் சென்டிமீட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கன்னம் வீங்கியபடியே, பத்து மணி பதினேழு நிமிடம் என்று எழுதினார்.

டிரைவரின் மனைவி அங்கே இல்லை. இருக்கக் கூடாது என்பது விதி.

அந்த விதியைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மண்ணுக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாராலும் குனிந்து பார்க்க முடியாது. அதனால் ஓரிடத்தில் நிறத்தை ஊற்றிவிட்டு, வேறோர் இடத்தில் அது தலைகாட்டுகிறதா என்று நாள்கணக்கில் காத்திருப்பார்கள். இந்தப் பொடி காய்ந்திருக்கும்வரை செங்கல் தூள்தான். தரையில் சிந்தினால் மண்ணோடு மண். ஈரம் பட்டால் பச்சை. கடுகளவு போதும், ஒரு தொட்டித் தண்ணீரைக் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நீல விளக்கைப் பிடித்தால் மின்னும். ஆகையால் சாயம் ஊற்றியவர், தண்ணீர் பிடிக்கிற பாட்டிலைத் தொடக் கூடாது. பாட்டிலைத் தொடுகிறவரையும் தொடக் கூடாது. ஊற்றுகிறவர் டிரைவர், பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதிக்கிறவள் அவர் மனைவி. அலுவலகத்தில் இருந்ததே அவ்வளவு ஆட்கள்.

"நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டி கிடையாது," என்று சென்டிமீட்டர் புறப்படும்போதே சொல்லிவிட்டார்.

"அதுக்கும் அரசாங்க உத்தரவு போட்டுக் கொடுத்துடுங்க ஐயா," என்றார் டிரைவர். "பத்திரமா வச்சு, வேணுங்கிறப்போ எடுத்துக் காட்டிக்குவேன்."

"எனக்கு ஒரு நகல்," என்றாள் அவள்.

அவர் ஜீப் நிற்கிற கொட்டகையிலும், அவள் தெருவுக்குள் பிடித்த வாடகை அறையிலுமாகத் தங்கினார்கள். தெருக்காரர்கள் அவளைப் பாட்டில் அக்கா என்று கூப்பிட்டார்கள்.

அந்தத் தெருவில் முப்பத்து நான்கு வீடுகள். பட்டறையிலிருந்து முந்நூற்றுப் பத்து மீட்டர் தள்ளி, பள்ளத்தில் இருக்கிறது. இரண்டு வருடத்தில் நான்கு பேர் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்குப் புருஷன் போனான்; அவன் போன ஐந்தாம் மாதம், பிறந்த குழந்தை அழவேயில்லை. தெருக்காரர்கள் பட்டறைக்குள் தீப்பந்தம் எறிந்தார்கள். பட்டறையாட்கள் பட்டப்பகலில் வந்து, தெருவுக்குத் தலைமாதிரி இருந்த பிளம்பரின் முழங்காலைச் சம்மட்டியால் உடைத்துவிட்டுப் போனார்கள். பிளம்பர் இப்போது ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். நாக்கு மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும்.

முதலாளி சொன்னது ஒன்றே ஒன்று: "என் குழித் தண்ணி அங்க போகுதுன்னு நிரூபிங்க. பட்டறையை மூடிடுறேன்." அதற்காகத்தான் இத்தனையும்.

பாட்டில்காரி முதலில் சுற்று வட்டாரத்துக் கிணறு, குழாய்க்கிணறு இருபத்திரண்டிலும் நாடாவை விட்டுத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அளந்தாள். அளவை எல்லாம் வரைபடத்தில் போட்டதும் சரிவு தெரிந்தது: மேட்டில் ஒரு பழைய கிணறு, அதற்குக் கீழே பட்டறை, அதற்கும் கீழே தெரு. சாயம் கீழே போகலாம். மேட்டுக் கிணற்றுக்குப் போகவே போகாது. அதனால் தினமும் காலையில் மேட்டுக் கிணற்றில் முதல் பாட்டில் பிடிப்பாள். அது சுத்தமாக இருந்தால்தான் மற்ற பாட்டில்கள் பேசுவதை நம்பலாம்.

மூன்று நாள் ஒன்றும் மின்னவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், அறை வாசலில் டிரைவர் வந்து நின்றார்.

"உள்ள வராதீங்க," என்றாள்.

"வரலை. வாசல்லயே நிக்கிறேன். கட்டு ரொம்ப இறுக்கமா இருக்கு, விரல் நீலம் பாரிச்சிருச்சு. அந்த ஆஸ்பத்திரியில இருந்தவன் முந்தி மூட்டை கட்டுற வேலை பார்த்திருப்பான் போல."

சிரிக்கத்தான் சொன்னார். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. விரல் நுனிகள் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தன. அவள் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். அடிபட்ட அன்று அவருடைய அலறலை அவள் தெருமுனையில் நின்று கேட்டவள். ஓட முடியாமல், ஓடக் கூடாது என்று தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நின்றவள். இரண்டாவது தடவையும் அப்படி நிற்க முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் படியில் உட்கார வைத்தாள். கட்டைப் பிரித்தாள். உள்மடிப்பில் கொஞ்சம் செம்மண் மாதிரி தூசி இருந்தது. குழியோரத்து மண் என்று நினைத்து ஊதிவிட்டாள். வேறு துணி கிழித்துத் தளர்த்திக் கட்டினாள். அவர் போன பிறகு மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். கழுவிவிட்டு, மறுநாளுக்கான கயிற்றைச் சுருட்டி வைத்தாள்.

நகக்கண் என்று ஒன்று இருப்பதை அவள் நினைக்கவில்லை.

நான்காம் நாள் காலை, மேட்டுக் கிணற்றில் ஒரு பாட்டில், மூன்றாம் வீட்டுக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு அறைக்கு வெளியே மேஜை போட்டு உட்கார்ந்தாள். பழைய காலத்துப் புகைப்படக்காரர் மாதிரி தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, உள்ளே நீல விளக்கைப் பொருத்தினாள். மூன்றாம் வீட்டுப் பாட்டிலை எடுத்து வைத்தாள்.

பச்சை. பாம்புக் கண் மாதிரி மின்னுகிற பச்சை.

"என்ன அக்கா, மூச்சே காணோம்?" பிளம்பர் கேட்டார். தினமும் காலையில் வந்து பக்கத்தில் நின்று வாய் பார்ப்பது அவர் வழக்கம். அவள் பதில் சொல்லுமுன் துணியைத் தூக்கித் தலையை உள்ளே நுழைத்துவிட்டார். பார்த்தார். பாட்டிலைப் பிடுங்கினார். காலை இழுத்துக்கொண்டு நடுத்தெருவுக்குப் போய், பாட்டிலை உயரத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார்.

"வந்திருச்சு! அவன் விஷம் வந்திருச்சு! எல்லாரும் வெளிய வாங்க!"

"அண்ணே, இருங்க! இன்னும் பார்த்து முடிக்கலை!"

யார் கேட்டார்கள்? கதவுகள் படார் படாரென்று திறந்தன. இரண்டு வருடத்துக் கோபம் விறகு மாதிரி அடுக்கி வைத்திருந்தது, தீக்குச்சி விழுந்துவிட்டது. கடப்பாரை, குழாய்த் துண்டு, கதவுத் தாழ்க்கட்டை, கைக்குக் கிடைத்தது எதுவோ அது. மூன்றாம் வீட்டுப் பெண் மட்டும் வெறுங்கையோடு வந்தாள். நான்கு நிமிடத்தில் தெரு காலி.

முந்நூற்றுப் பத்து மீட்டரை நான்கு நாளில் தண்ணீர் கடந்துவிடுமா? பாறையில் வெடிப்பு இருந்தால் கடக்கலாம். முடியாது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவள் கை தானாக அடுத்த பாட்டிலை எடுத்தது. துணிக்குள் தலையை விட்டாள். மேட்டுக் கிணற்றுப் பாட்டில்.

அதுவும் பச்சை.

பட்டறைக்கு மேலே இருக்கிற கிணறு. தண்ணீர் மேடேறிப் போகாது. அப்படியானால் பச்சை மண்ணுக்குள்ளிருந்து வரவில்லை; வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. விளக்கைத் திருப்பித் தன் கையில் பிடித்தாள். பத்து நகத்தின் ஓரமும் பச்சைக் கோடாக எரிந்தது. கயிற்றின் முடிச்சு எரிந்தது. கட்டுத் துணியில் ஊதிவிட்ட தூசி ஞாபகம் வந்தது.

"ஐயோ, நான்தான்," என்றாள், கறுப்புத் துணிக்குள் தனியாக.

சென்டிமீட்டருக்குப் போன் போட்டாள். அவர் போலீஸ் நிலையத்தில், பாதுகாப்புக்கு ஆள் கேட்டு நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பாட்டில் கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன். தெருவே பட்டறைக்குப் போயிருச்சு. மேஸ்திரியைக் கொன்னுடுவாங்க."

"நீ போகாதே. நான் ஆளோட வர்றேன். அரை மணி நேரம்."

"அரை மணிக்கு அவன் தாங்க மாட்டான் ஐயா."

நீல விளக்கையும், உறை பிரிக்காத கடைத் தண்ணீர் பாட்டில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். மேடு. மூச்சு வாங்கியது. பாதி வழியில் கால் மெதுவானது. மூச்சு வாங்கியதால் மட்டும் இல்லை. நாவல்பழ நிறத்து விரல்கள் கண்முன் வந்து நின்றன. அவன்தானே அடித்தான்? கொஞ்சம் மெதுவாக நடந்தால் போதும். ஐந்து நிமிடம். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. பச்சையைப் பார்த்தார்கள், பச்சைக்காக அடித்தார்கள், அவ்வளவுதான். நாளைக்கு நிஜமாகவே பச்சை வந்தாலும் வரும். அப்போது இன்றைக்கு நடந்ததும் நியாயமாகிவிடும்.

அவள் நின்றேவிட்டாள். ஓர் ஐந்து மூச்சு நின்றிருப்பாள். பிறகு மேலேயிருந்து ஓர் அலறல் கேட்டது. மனிதன் அலறுகிற மாதிரியே இல்லை. ஆனால் அவளுக்கு அது தெரிந்த அலறல். நான்கு நாளைக்கு முன் தன் புருஷன் வாயிலிருந்து கேட்ட அதே அலறல். மறுபடியும் ஓடினாள்.

பட்டறைக் கதவு கீல் பெயர்ந்து கிடந்தது. முற்றமெல்லாம் துணிச் சுருள்கள் அவிழ்ந்து மிதிபட்டிருந்தன. மற்ற ஆட்கள் பின்சுவர் ஏறி ஓடிவிட்டார்கள்; ஒருத்தன் மட்டும் சுவரோரம் உட்கார்ந்து தன் பற்களைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தான். மேஸ்திரியைக் கழிவுக் குழியில் தள்ளி முக்கி எடுத்து, அந்தத் தண்ணீரையே வாயில் ஊற்றியிருந்தார்கள். அங்கிருந்து காலைப் பிடித்துத் தரதரவென்று தொட்டிக் கொட்டகைக்குள் இழுத்துப்போன தடம் ஈரமாகக் கிடந்தது, நடுநடுவே சிவப்பாக.

கொட்டகைக்குள் இருட்டு. மின்சாரத்தை யாரோ பிடுங்கியிருந்தார்கள். குடலைப் பிடுங்கும் நாற்றம். நாலாவது தொட்டியின் விளிம்பில் மேஸ்திரியை முதுகு வளைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். இடது கண் இருந்த இடத்தில் ரத்தம் மட்டும் இருந்தது. பிளம்பர் அவன் முழங்காலுக்கு நேரே கடப்பாரையை ஓங்கியிருந்தார்.

"எந்தக் கால்டா? சொல்லு. எனக்கு எந்தக் காலை உடைச்சே? ஞாபகம் இருக்கா?"

மூன்றாம் வீட்டுப் பெண் அவன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து, தலையைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை, அழவில்லை. மாவு பிசைகிற மாதிரி, வேலை செய்கிற முகத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

"விடுங்க! அது பொய்ப் பச்சை! பாட்டில் தப்பு!"

பாட்டில்காரியின் குரல் அந்தக் கூச்சலில் எடுபடவில்லை. கூட்டத்துக்குள் புகுந்தாள். முழங்கை ஒன்று விலாவில் இடித்தது. "நான்தான் கெடுத்தேன், கேளுங்க!" என்றாள். ஒருத்தன் கேட்டுவிட்டான்.

"என்னது? விலை போயிட்டியா நீ?"

"பட்டறைக்காரன் எவ்வளவு கொடுத்தான்டி?"

செங்கல் எந்தப் பக்கமிருந்து வந்ததென்று தெரியாது. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே விழுந்தது. எலும்பு முறிவது அவளுக்கே கேட்டது. முழங்காலிட்டு விழுந்தாள். விளக்கை மட்டும் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள், பிள்ளையை அணைக்கிற மாதிரி. யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"என்னைக் கொல்லணும்னா கொல்லுங்க," என்றாள். பல் கிட்டித்துப் போயிருந்தது. "அண்ணே, பிளம்பர் அண்ணே. நாலு நாளா என் பக்கத்துலயே நின்னீங்களே. ஒரே நிமிஷம். இதோ, கடைத் தண்ணி. உறை கூடப் பிரிக்கலை. நீங்களே பிரிங்க."

பிளம்பர் கடப்பாரையை இறக்கவில்லை. ஆனால் திரும்பினார். மூன்றாம் வீட்டுப் பெண்ணும் கையைக் கழுத்திலிருந்து தோளுக்கு நகர்த்த, மேஸ்திரியின் முகம் தண்ணீருக்கு மேலே வந்தது. அது போதும். அவள் இடது கையால் பாட்டிலை நீட்டினாள். வலது கை தூக்க வரவில்லை. அவர் கடப்பாரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகினார்.

"இப்ப விளக்கைப் பிடிங்க. தண்ணியில ஏதாவது தெரியுதா?"

"தெரியலை."

அவள் ஒரு விரலைப் பாட்டில் வாய்க்குள் விட்டு ஆட்டினாள். நகத்திலிருந்து ஒரு பச்சை நூல் இறங்கி, சுழன்று, பாட்டில் முழுக்கப் பரவியது. இருட்டில் அந்தப் பாட்டில் விளக்கு மாதிரி எரிந்தது.

"இந்தத் தண்ணி எந்தப் பட்டறையிலேருந்து வந்துச்சு? சொல்லுங்க."

முன்வரிசையில் இருந்தவர்கள் பாட்டிலையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பின்னாலிருந்தவர்கள் என்ன, என்ன என்றார்கள்.

"நேத்து என் வீட்டுக்காரர் விரலுக்குக் கட்டு மாத்தினேன். கூடாதுன்னு தெரிஞ்சும் மாத்தினேன். அந்தக் கட்டுல இருந்த பொடி என் நகத்துல, என் கயித்துல. மேட்டுக் கிணத்துத் தண்ணியும் பச்சையாத்தான் இருக்கு. தண்ணி மேல ஏறுமா? இன்னிக்கு வந்தது குழியிலேருந்து வரலை. என்கிட்டேருந்து வந்தது."

"அப்ப இவன் குழி சுத்தமா?" என்று ஒரு குரல்.

"தெரியாது! அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம். இன்னும் தெரியாது."

பிளம்பர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். விளக்கு அவர் கையில்தான் இருந்தது. நீல வெளிச்சம் சரிந்து தொட்டி விளிம்பில் விழுந்தது, பிறகு மேஸ்திரி மேல்.

கூட்டம் நெருங்கி வந்து பார்த்தது.

மேஸ்திரியைக் குழித் தண்ணீரில் முக்கியபோது சாயம் எல்லார் கையிலும் ஒட்டியிருந்தது அல்லவா? அவன் உடம்பின் மங்கிய பச்சைக்கு மேல், அழுத்திப் பிடித்த இடமெல்லாம் அது அச்சாகப் பதிந்திருந்தது. சட்டையில் பத்துப் பதினைந்து கைகள். முடியில் கைகள். கன்னத்தில் ஒரு முழு உள்ளங்கை. கழுத்தில் எட்டு விரல், இரண்டு கட்டைவிரல். ஒல்லியான, சின்ன விரல்கள். ஒவ்வொன்றும் பச்சையாக எரிந்தது. யாரும் யார் கை என்று கேட்கவில்லை. அவரவர் தன் கையைக் குனிந்து பார்த்தார்கள்.

மூன்றாம் வீட்டுப் பெண் அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேஸ்திரி தொட்டி விளிம்பிலிருந்து மூட்டை மாதிரி சரிந்து கீழே விழுந்து, இருமி, தண்ணீரும் ரத்தமுமாகக் கக்கினான். ஒவ்வொருவராகக் கொட்டகையைவிட்டு வெளியேறினார்கள். சென்டிமீட்டர் போலீஸோடு வந்தபோது கொட்டகையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒருத்தன் மயக்கத்தில் கிடந்தான், ஒருத்தி எலும்பு முறிந்து கிடந்தாள், இன்னொருத்தி கிழிந்த துணிச் சுருளில் தன் கையைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

மேஸ்திரி பிழைத்தான். இடது கண் போயிற்று. காது ஒன்று மந்தமாயிற்று. முதலாளி ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அடித்தது யார் என்று போலீஸ் கேட்டபோது, "இருட்டு. தெரியலை," என்றான். அப்படிச் சொன்னது கருணையா, பயமா, வெட்கமா என்பது அவனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

பாட்டில்காரிக்குக் கழுத்தெலும்பு கூடும்வரை கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டார்கள். சென்டிமீட்டர் அவளைத் திட்டித் தீர்த்தார். தீர்த்துவிட்டு, வேறோர் ஊர்ப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார். புதுக் கயிறு, புதுப் பாட்டில்கள், புது அறை. குழியில் ஊற்றிய சாயம் ஊற்றியதுதான். மண்ணுக்குள் அதன் பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. மேலே யார் யாரை அடித்தால் அதற்கென்ன?

தெருவில் யாரும் பாட்டில்காரியோடு பேசவில்லை. அவள் அறை வாசலில் இரண்டு தடவை சாக்கடையைக் கொட்டினார்கள். மூன்றாம் வீட்டுப் பெண் மட்டும் இரண்டு தடவையும் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கழுவிவிட்டுப் போனாள்.

இருபத்து மூன்றாம் நாள் மூன்றாம் வீட்டுப் பாட்டிலில் பச்சை வந்தது. மேட்டுக் கிணற்றுப் பாட்டில் சுத்தம். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. பட்டறைக்குச் சீல் வைத்தார்கள்.

ஆனால் சென்டிமீட்டருக்கு ஒரு குடைச்சல். பாட்டில்காரியைக் கூப்பிட்டுக் கறுப்புத் துணிக்குள் பார்க்கச் சொன்னார். "இவ்வளவு மங்கலா வருது பாரு. குழியிலேருந்து இவ்வளவுதான் கசியுதுன்னா, நாலு பேர் செத்திருக்க முடியாது. கணக்கு இடிக்குது."

"நானும் பார்க்கலாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மேஸ்திரி. பாதி மெலிந்திருந்தான், கழுத்து தனியாகத் தெரிந்தது. டிரைவர் சட்டென்று அவள் முன்னால் வந்து நின்றார். வளையாத இரண்டு விரலோடு கை முறுக்கிக்கொண்டது.

"பார்க்கட்டும்," என்றாள் அவள்.

மேஸ்திரி இருந்த ஒரு கண்ணால் வெகுநேரம் பார்த்தான். "அன்னிக்கு உங்க விரல்லேருந்து வந்தது இதைவிடப் பிரகாசமா இருந்துச்சு," என்றான்.

"அது கட்டுத் துணியிலேருந்து வந்தது. இது முந்நூறு மீட்டர் நடந்து வந்திருக்கு."

அவன் துணியைவிட்டு வெளியே வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "குழியில விடுறது ஊர் பார்க்கிறதுக்கு. நிஜமா விடுறது நாலாவது தொட்டிக்கு அடியில. பழைய குழாய்க்கிணறு ஒண்ணு இருக்கு, நூத்தி எண்பது அடி. வாரத்துக்கு ரெண்டு தடவை, மோட்டார் வச்சு நேரா உள்ள தள்ளுவோம். நான்தான் தள்ளினேன். என் தலையை அமுக்குனாங்களே, அதே தொட்டிதான்."

தலையை அமுக்கியவள் மூன்றாம் வீட்டு வாசலிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.

சீலைப் பிரித்து உள்ளே போனார்கள். தொட்டிக்கு அடியில் பலகையை நகர்த்தினால், கறுப்பாக ஒரு சாண் அகல வாய். சென்டிமீட்டர் நாடாவை விட்டு அளந்தார். நூற்று எழுபத்தெட்டரை அடி என்று திருத்தினார். அது எந்தெந்த வீட்டுக்குப் போகிறது, பள்ளத்தில் இன்னும் எத்தனை தெருவுக்குப் போகிறது என்று தெரிய வேண்டும். இந்தத் தடவை சிவப்புச் சாயம். பழைய பச்சையோடு குழம்பாது.

"மறுபடியும் முதல்லேருந்தா?" என்றார் டிரைவர். "ஐயா, எனக்குக் கல்யாணம் ஆனதே மறந்துபோகும்."

டப்பாவை எடுத்தார். விரல் மடங்கவில்லை; மூடி வழுக்கியது. இரண்டு தடவை முயன்றார். மேஸ்திரி அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எதிரே வந்து கையை நீட்டினான்.

"குடு. நான் ஊத்துறேன்."

டிரைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சென்டிமீட்டரைப் பார்த்தாள். சென்டிமீட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேஸ்திரி மண்டியிட்டு மூடியைத் திருகி, ஒரு பொட்டு வெளியே சிந்தாமல் அந்த வாய்க்குள் கவிழ்த்தான். எழுந்தான். மூடியில் ஒட்டியிருந்த பொடி வியர்வையில் கரைந்து, உள்ளங்கை இரண்டும் ரத்தச் சிவப்பாக இருந்தன. அவற்றை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தான். அங்கே பிளம்பர் நின்றார், மூன்றாம் வீட்டுப் பெண் நின்றாள், அவர்களுக்குப் பின்னால் தெருவே நின்றது. மேஸ்திரி ஓரடி பின்வாங்கினான்.

"யாரும் என்னைத் தொடாதீங்க," என்றான். "நான் சாயம் ஊத்தியிருக்கேன்."

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. ஒரு கைகூட அவன்மேல் படவில்லை.